குருவி கணக்கை எண்ணுனது யாரு?

வாசகர் கேள்வி பதில், பெங்களூரு பக்கம்

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, சிட்டுக்குருவி பத்தி ஸ்கூல் ப்ராஜெக்ட். செல்போன் டவராலதான் குருவியெல்லாம் அழிஞ்சுதுன்னு எங்க பெரியப்பா ஃபேமிலி குரூப்ல அனுப்புனாரு. நெட்ல தேடுனா இந்தியாவுல குருவி குறையவே இல்லன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. ஆனா எங்க தெருவுல முன்னாடி இருந்த குருவி இப்ப இல்லையே. எதைத்தான் எழுதச் சொல்றது?
(வாசகி, அல்சூர்)

பதில்: நீங்க பார்த்ததும் சரி, நெட்ல எழுதுனவர் சொன்னதும் சரி, ஆனா அவர் பாதியை மட்டும் எடுத்துப் போட்டிருக்காரு. 2020ல இந்தியப் பறவைகளோட நிலைமை பத்தி ஒரு பெரிய அறிக்கை வந்துச்சு, நம்ம நாட்டுல பறவை ஆராய்ச்சி பண்ற பல அமைப்புங்க ஒண்ணா சேர்ந்து போட்டது. நாடு முழுக்க சேர்த்துப் பார்த்தா சிட்டுக்குருவி 25 வருஷத்துக்கு மேல ஏறக்குறைய அதே அளவுலதான் இருக்குன்னு அதுல இருக்கு, கூடவே பெங்களூரு, சென்னை, டெல்லி, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பைன்னு ஆறு பெருநகரத்துல மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுட்டு வருதுன்னும் இருக்கு. ரெண்டையும் சேர்த்து எழுதினாதான் அது முழு உண்மை.

டவர் விஷயத்துக்கு உருப்படியான ஆதாரம் இல்லன்னும் அந்த அறிக்கையே சொல்லுது. கிராமத்துலயும் இப்ப டவர் நிக்குது, அங்க குருவியும் இருக்கு, இதை பெரியப்பாகிட்ட பக்குவமா சொல்லிப் பாருங்க. நகரத்துல குறையறதுக்கு ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படுறது வேற. குருவி குஞ்சுக்கு முதல்ல ஊட்டுறது தானியம் இல்ல, புழு பூச்சி. செடி புதர் எல்லாம் போயி சிமெண்ட் போட்டுட்டா பூச்சிக்கு எங்க போகும்? ஓட்டு வீட்டு இடுக்கு, போட்டோ ஃப்ரேம் பின்னாடின்னு கூடு கட்டுன இடமும் போச்சு, கண்ணாடி வெச்ச பில்டிங்ல எங்க கட்டும் சொல்லுங்க.

இந்தக் கணக்கை யாரு எப்படி எடுத்தாங்கன்னு பொண்ணு கண்டிப்பா எழுதணும். ஈபேர்ட்னு ஒரு ஆப் இருக்கு, 2002ல அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியோட பறவை ஆய்வகத்துல ஆரம்பிச்சது, ஃப்ரீதான். பறவை பார்க்கிறவங்க எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரம் நின்னோம், எதை எத்தனை பார்த்தோம்னு அதுல பதியறாங்க, சந்தேகமான பதிவை அந்தந்த ஏரியா பறவைங்களை நல்லா தெரிஞ்சவங்க மறுபடி செக் பண்றாங்க. அதே அறிக்கை 2023ல திரும்ப வந்தப்போ சுமார் 30,000 பேர் போட்ட 3 கோடி பதிவுகளை வெச்சு 942 வகைப் பறவையை அலசியிருக்காங்க. குறையும் இருக்கு, ஜனங்க ஏரிக்கரைக்கும் காட்டுக்கும்தான் கேமரா தூக்கிட்டுப் போறாங்க, சாதாரண தெருவுல நின்னு எண்ணுறவங்க கம்மி. அதைக் கணக்குல எடுத்துக்கிட்டோம்னும், இன்னின்ன பறவைக்கு டேட்டா போதலன்னும் அறிக்கையே வெளிப்படையா சொல்லுது, எனக்கு அது மேல நம்பிக்கை வர்றதே அதனாலதான். ஃபார்வர்டுல அப்படி ஒரு வரி பார்த்திருக்கீங்களா?

பொண்ணை அல்சூர் ஏரிக்கும் கூட்டிட்டுப் போங்க, உங்க தெருவுலயும் நிறுத்துங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துக்கு, பதினஞ்சு நிமிஷம், பார்த்ததை எல்லாம் எழுதட்டும். நாமக்கோழி, நீர்க்காகம், கள்ளப்பருந்து, காக்கா, புறா, எதையும் விட வேணாம். குருவி ஒண்ணுகூட இல்லன்னாலும் அதையும் எழுதணும், பூஜ்யமும் டேட்டாதான்.

கேள்வி: 2006ல 1,411 புலி, இப்ப 3,682ன்னு பெருமையா போடுறாங்களே, நம்பலாமா?
(வாசகர், கோரமங்களா)

பதில்: நம்பலாம், ஆனா அது தலை எண்ணுன கணக்கு இல்ல, மதிப்பீடு. 2022 கணக்குல குறைஞ்சது 3,167ன்னும் சொல்லியிருக்காங்க, 3,682ங்கறது சராசரி, நியூஸ்ல அதை மட்டும் பெருசா போட்டுடுறாங்க. அந்தக் காலத்துல காலடித்தடத்தை வெச்சு எண்ணுவாங்க. ராஜஸ்தான்ல சரிஸ்கா புலிகள் காப்பகத்துல, ரெஜிஸ்டர்ல புலி இருந்துச்சு, காட்டுல ஒண்ணுகூட இல்ல, 2005ல நாடே அதிர்ந்து போச்சு. அதுக்கு அப்புறம்தான் தானியங்கி கேமரா வெச்சு, ஒவ்வொரு புலியோட வரியையும் ஒப்பிட்டுப் பார்க்குற முறை நாடு முழுக்க வந்துச்சு, கைரேகை மாதிரி ஒண்ணோட வரி இன்னொண்ணுக்கு இருக்காது. 2022ல மட்டும் 32,588 இடத்துல கேமரா வெச்சாங்க. 2006ல இந்த அளவு இல்ல, சுந்தரவனத்தையும் அப்ப சேர்க்கல, அதனால 1,411ஐயும் 3,682ஐயும் நேரா கழிச்சு இத்தனை புலி பிறந்துச்சுன்னு சொல்லிட முடியாது. கூடியிருக்கு, அதுல சந்தேகமில்ல.

கேள்வி: அபார்ட்மெண்ட் குரூப்ல சிறுத்தை வீடியோ வந்தா உண்மையான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?
(வாசகி, பன்னேர்கட்டா ரோடு)

பதில்: உங்க பக்கம் சிறுத்தை நிஜமாவே இருக்கு, காடு பக்கத்துலதான், அதனால எடுத்த எடுப்புல பொய்னு ஒதுக்கிட வேணாம். வீடியோவை நிறுத்தி வண்டி நம்பர் பிளேட், கடை போர்டு எழுத்து பாருங்க, போர்டுல கன்னடமே இல்லாம வேற எழுத்து தெரிஞ்சா அது எங்கேயோ எடுத்ததா இருக்கலாம். ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டா பழைய வீடியோவா இருந்தா பெரும்பாலும் மாட்டிக்கும். நிஜம்னு தோணுச்சுன்னா வனத்துறைக்கு சொல்லுங்க, குரூப்ல இடத்தைப் போடாதீங்க ப்ளீஸ். கூட்டம் கூடி விரட்டுறப்பதான் சிறுத்தை மிரண்டு போயி ஆளைத் தாக்குது.

கேள்வி: சிவாஜிநகர் பக்கம் ஒரு கடைக்காரர் பச்சைக்கிளி வளர்க்க தடை இல்லன்னு சொல்லி வித்தாரு. நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.
(வாசகர், பிரேசர் டவுன்)

பதில்: தடை இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம நாட்டுக் கிளியை வீட்டுல வெச்சுக்கக் கூடாது. நெட்ல குழப்பம் ஏன்னா 2022ல சட்டத்தைத் திருத்துனாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு, உயிரினங்களைப் பட்டியல் போட்ட அட்டவணை ஆறு இருந்தது நாலாச்சு. பச்சைக்கிளி முன்னாடி நாலாவதுல இருந்தது, இப்ப ரெண்டாவதுல இருக்கு, பழைய பக்கங்கள்ல இன்னும் பழைய நம்பர்தான் கிடக்கு. சட்டம்னா எப்பவும் எழுதுன தேதியைப் பாருங்க, அரசாங்கத்தோட இந்தியா கோட் வெப்சைட்ல சட்டமே இருக்கு. கிளியை பயந்துபோயி ஜன்னல் வழியா திறந்து விட்டுடாதீங்க, கூண்டுல வளர்ந்ததுக்கு இரை தேடத் தெரியாது, காக்கா கொத்தியே கொன்னுடும். கெங்கேரியில வனவிலங்கு ஆஸ்பத்திரி இருக்கு, அங்கயோ வனத்துறை ஆபீஸ்லயோ கேட்டுட்டு கூண்டோட கொண்டுபோயி ஒப்படைச்சிடுங்க.