ஒரு கிலோபைட் நினைவகத்தில் என்ன செய்ய முடிந்தது?

கேள்வி: 1980-களில் இங்கிலாந்தில் வேலை பார்த்த என் பெரியப்பா, தம் கையாலேயே பற்றவைத்துப் பூட்டிய ‘சின்க்ளேர் இசட்எக்ஸ்81’ கணினியை இன்றும் பரணில் வைத்திருக்கிறார். அதன் நினைவகம் வெறும் ஒரு கிலோபைட்தானாம். அதில் என்னதான் செய்திருக்க முடியும்? இப்போது அதை இயக்கிப் பார்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்நாளில் அங்கே மாணவனாக இருந்த நானும் அதே கணினியை உதிரிபாகங்களாக வாங்கிப் பூட்டியவன் என்பதால், உங்கள் கேள்வி என்னை அந்த நாட்களுக்கே அழைத்துச் சென்றுவிட்டது. 1981 மார்ச்சில் அது வெளிவந்தபோது, பூட்டிய கணினியின் விலை 69.95 பவுண்டு, உதிரிபாகங்களாக வாங்கினால் 49.95 பவுண்டு. மிச்சமாகும் இருபது பவுண்டு எனக்குப் பெரிய தொகை. முந்தைய இசட்எக்ஸ்80-இல் பல சில்லுகள் பகிர்ந்து செய்த வேலையை இதில் ஃபெராண்டி நிறுவனம் தயாரித்த ஒரே சில்லு ஏற்றுக்கொண்டதால், பொருத்த வேண்டிய சில்லுகள் நான்கைந்துதான். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து அலைவரிசையைத் திருகிக்கொண்டே வந்தபோது, வெள்ளைத் திரையின் இடது கீழ்மூலையில், கறுப்புக் கட்டத்துக்குள் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து தோன்றியது. நான் பற்றவைத்த பலகை உயிர்பெற்றதன் அடையாளம் அது.

இருந்த 1024 பைட்டில் 125-ஐக் கணினி தன் சொந்தக் கணக்குகளுக்கே எடுத்துக்கொள்ளும். திரை முழுவதையும் எழுத்துகளால் நிரப்பினால் மேலும் 793 போய்விடும். நிரலுக்கு நூறு பைட் அளவே மிஞ்சும். ஆகவே திரையில் குறைவாக எழுதுவதே முதல் சிக்கனம். அடுத்தது எண்கள். ‘பேசிக்’ என்னும் கணினி மொழியில் நிரல் எழுதும்போது இடும் ஒவ்வோர் எண்ணுடனும், கண்ணுக்குத் தெரியாத ஆறு பைட்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் சுழியம் வேண்டிய இடத்தில் ‘நாட் பை’ என்று எழுதுவோம்: ‘பை’, அதாவது வட்டக் கணக்கில் வரும் 3.14, சுழியமல்லாத எண் ஆதலால், ‘நாட்’ என்னும் மறுப்பு அதைச் சுழியமாக்கிவிடும். ஒவ்வொரு சொல்லும் ஒரே பைட்டாகப் பதிவாகும் என்பதால், ஏழு பைட் பிடிக்கும் சுழியம் இரண்டில் அடங்கும். இப்படி ஒவ்வொரு பைட்டையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருந்த காலத்தில், 672 பைட்டில் சதுரங்கம் ஆடும் இயந்திர மொழி நிரலையே ஒருவர் எழுதிக் காட்டினார்.

இயக்கிப் பார்க்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். பழைய அடாப்டரை அப்படியே செருகாமல், மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவரிடம் முதலில் கொடுத்துச் சோதியுங்கள். விசைப்பலகையின் மெல்லிய நாடா இணைப்புகள் வயதானால் இறுகி ஒடிந்துவிடும். ஆகவே மேல்மூடியை இழுத்துத் திறக்காதீர்கள். பரணில் கேசட்டுகள் இருந்தால், கணினிக்கும் முன்னதாக அவற்றைக் காப்பாற்றுங்கள். நிரல்களை ஒலியாகவே பதிந்து வைத்த காலம் அது. நாடா நைந்துபோவதற்குள் அந்த ஒலியை ஒரு கோப்பாகப் பதிவு செய்துகொண்டால், பெரியப்பா எழுதிய நிரலே உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.