வைகை டேம் கரையில பார்த்து போட்டோ எடுத்த செடி பொன்னாங்கண்ணியா, பொடுதலையான்னு கேட்டிருக்கீங்க.

பெரும்பாலும் பொடுதலைதாங்க அது. பூ நீளமான காம்பு நுனியில குட்டி திப்பிலி மாதிரி நிக்குதுன்னு சொல்றீங்களே, பொன்னாங்கண்ணிக்கு அப்படி வராது, இலைக்கும் தண்டுக்கும் நடுவுல காம்பே இல்லாம வெள்ளையா ஒட்டிட்டு இருக்கும்.

உங்க குரூப்ல பாதி பேர் குழம்பினதுக்கு காரணம், தண்ணி வத்தின சேத்துல ரெண்டுமே கணுவுக்கு கணு வேர் விட்டு பாய் விரிச்ச மாதிரி படரும், இலையும் எதிரெதிரா ஜோடியா வரும்.

போட்டோவ ஜூம் பண்ணி இலைய பாருங்க, மேல்பாதி ஓரத்துல ரம்பப் பல்லு தெரிஞ்சா பொடுதலைதான், சந்தேகமே வேணாம். பல்லே இல்லாம பூவுக்கு மட்டும் காம்பு இருந்தா அடுத்த தடவை தண்ட ஒடிச்சு பாருங்க, உள்ள குழலா இருந்தா அது தென் அமெரிக்காவுல இருந்து வந்த அலிகேட்டர் வீட்ங்கற களைச்செடி.

எதுவா இருந்தாலும் போட்டோவ மட்டும் நம்பி பறிச்சு சமைச்சிடாதீங்க ப்ளீஸ்.