தாத்தா சாப்பிட்டதையே நானும் சாப்பிடலாமா? – கேள்வி பதில்

கேள்வி: எங்க தாத்தா கடைசிவரை தேங்காயெண்ணெய்ச் சமையல், மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), சாளைமீன் (மத்தி) கறி என்றே வாழ்ந்தார், 91 வயதுவரை மருந்தே கிடையாது. எனக்கு 38-லேயே கொலஸ்ட்ரால். டாக்டரை நம்பவா, தாத்தாவையா? (மார்த்தாண்டம்)

தாத்தா பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரோடு பள்ளிக்கூடம் போய் 55-லேயே போய்ச் சேர்ந்தவர்களும் அதே எண்ணெய், அதே கிழங்குதானே சாப்பிட்டார்கள்? அவர்களைப் பற்றி யாரும் எனக்கு எழுதுவதில்லை. தப்பிப் பிழைத்தவரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்தப் பழக்கத்துக்குப் பிழைத்தோர் சார்பு என்று பெயர். அப்புறம், பாரம்பரியம் என்கிறோமே, மரச்சீனி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, திருவிதாங்கூரில் அதை ஊக்குவித்துப் பரப்பியது 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா. 100 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 38 கிராம், புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. அந்தக் குறையைச் சாளை ஈடுகட்டியது, மாவுச்சத்தை விளையில் (தோட்டத்தில்) பிடித்த மண்வெட்டி எரித்தது. நீங்கள் பிடிப்பது ஸ்டியரிங். தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், சாளையை விடாதீர்கள்.

கேள்வி: சீனியை நிறுத்திக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியும் சுகர் குறையவில்லையே? (தக்கலை)

குறையாது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், ஆனால் 'நல்லது' என்ற பெயர் வந்துவிட்டால் மனசு அளவு பார்ப்பதை விட்டுவிடும், ஒளிவட்ட விளைவு என்பார்கள். எங்கள் வீட்டிலேயே சீனி என்றால் ஒரு ஸ்பூன், கருப்பட்டி என்றால் கையால் உடைத்த துண்டு. ஒருநாள் அந்தத் துண்டைத் தராசில் வைத்தேன், 18 கிராம்! ஸ்பூன் சீனி 5 கிராம்கூட இல்லை. அம்மா இன்னும் தராசைத்தான் குறை சொல்கிறார்.

கேள்வி: மூன்று மாதத்துக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கிவிட்டேன், வயிறு உப்புகிறது, காசை நினைத்துக் குடிக்கிறேன். (குளச்சல்)

குடித்தாலும் அந்தக் காசு வராது, குடிக்காவிட்டாலும் வராது. நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் எடுத்தால் பாக்கெட் முடியாமல் கை நிற்பதில்லை. (நாகர்கோவில்)

யாருக்குத்தான் நிற்கிறது? பாக்கெட் எவ்வளவோ அதுதான் ஒரு ஆள் அளவு என்று மனசு எடுத்துக்கொள்ளும். உயரத்தில் ஒளித்துவைப்பதெல்லாம் வேலைக்காகாது, ஸ்டூல் இருக்கிறது. கடையிலேயே கால் கிலோவுக்குப் பதில் 100 கிராம் நிறுக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் கிண்ணங்களில் பிரித்துவிடுங்கள். வாய் ஊறும் மற்ற நாட்களுக்கு மட்டி வாழைப்பழம் போதும். எத்தனை தின்றோம் என்று தோலாவது காட்டிக்கொடுக்கும்.