ரெக்கோர்டிங் போட்டால் ஸ்கானர் அணைந்து அணைந்து எழும்புகிறது

கேள்வி: வணக்கம் அண்ணை. கனடாவில் இருந்து வந்த மாமா ஒரு கையடக்க ரேடியோ ஸ்கானர் தந்துவிட்டுப் போனார். மூன்று பென்ரோச் பற்றரி போடலாம், யூஎஸ்பி வயரிலும் வேலை செய்யும். வீட்டுக்கு மேலால் போகிற விமானங்களின் பேச்சைத்தான் கேட்பேன். எங்களுக்குச் சோலார்தான். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, சோலார் கொன்ரோலரில் உள்ள யூஎஸ்பி ஓட்டையில் இருந்து நீள வயர் ஒன்று இழுத்துக் கொடுத்திருக்கிறேன். சும்மா கேட்டால் நாள் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. ரெக்கோர்டிங்கைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டு, கம்பனிப் பெயர் வந்து, முதலில் இருந்து தொடங்குகிறது. இரவில் இன்னும் மோசம். போன் கடையில் சொன்னார்கள் என்று புது சொப்ட்வெயரும் ஏற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. உள்ளே 64 ஜிபி மெமரி கார்ட். கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, இப்போதைக்கு எங்கேயும் அனுப்பாதீர்கள். சும்மா கேட்கும்போது நாள் முழுக்க நிற்கிற கருவி, ரெக்கோர்டிங் போட்டவுடன் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. ரெக்கோர்டிங் போட்டால் புதிதாக நடப்பது ஒன்றுதான், மெமரி கார்டில் எழுதுவது. ஆகவே சந்தேகம் இரண்டு பேரில்: ஒன்று கரண்ட், மற்றது கார்ட். சொப்ட்வெயரில் கைவைப்பது கடைசி வேலை, கரண்ட் ஒழுங்கில்லாத நேரத்தில் அதை ஏற்றப்போய் பாதியில் நின்றிருந்தால் நல்ல ஸ்கானர் உண்மையாகவே பழுதாகியிருக்கும், தப்பினீர்கள்.

தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டார்கள், வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து, திரும்ப வேகமாகச் சுற்ற மேலே வரும். அந்தப் பழைய ரேடியோவுக்கு வோல்ட் குறைந்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். உங்களுடைய ஸ்கானர் அப்படித் தேயாது. அதன் உள்ளே ஒரு கணினிச் சிப் இருக்கிறது, வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே கண்சிமிட்டும் நேரம் இறங்கினாலும், தாறுமாறாக எதையாவது செய்துவிடக் கூடாது என்று அது தன்னைத்தானே நிறுத்தி முதலில் இருந்து தொடங்கும். அதாவது நீங்கள் பழுது என்று நினைப்பது பாதுகாப்புக்காகவே வைத்த ஏற்பாடு.

ஒரு விமானி பேசத் தொடங்கும் அந்தக் கணத்தைப் பாருங்கள். பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கிற ஸ்குவெல்ச் திறக்கிறது, ஸ்பீக்கர் இழுக்கிறது, திரை வெளிச்சம் எரிகிறது, அதே நொடியில் கார்ட் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து எழுதத் தொடங்குகிறது. எழுதும்போது கார்ட் மட்டும் 100 மில்லி அம்பியர் அளவில், சில கார்ட் அதற்கு மேலும், திடீரென்று இழுக்கும். மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் 5 வோல்ட் என்றுதான் காட்டும், அது சராசரியைக் காட்டுகிற சாமான், கணநேரப் பள்ளம் அதன் கண்ணில் படாது. மீற்றர் சரி என்கிறது, ஆகவே கரண்ட் சரி என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

உங்கள் நீள வயரில்தான் எனக்குப் பெரிய சந்தேகம். மலிவான யூஎஸ்பி வயர்களின் உள்ளே இருப்பது பெரும்பாலும் 28 ஏடபிள்யூஜி (கம்பித் தடிப்பின் அளவு, எண் கூடினால் கம்பி மெல்லியது) செப்புக் கம்பி, மீற்றருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 2 மீற்றர் வயர் என்றால் போக 2, வர 2, மொத்தம் 0.85 ஓம் அளவில் வரும். ஸ்கானர் 0.6 அம்பியர் இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 5 இல் புறப்பட்டது 4.5 ஆக வந்து சேரும், அதன் மேல்தான் கார்ட் வேறு இழுக்கப்போகிறது. இரவில் மோசம் என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. வெயில் இல்லை, ஃபானும் பல்புகளும் அதே பெரிய சோலார் பற்றரியில் தொங்குகின்றன, அது 11 வோல்ட் பக்கம் இறங்கினால் கொன்ரோலரே இணைப்பைத் துண்டிக்கப் பார்க்கும்.

சரி, எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வேலை செய்யுங்கள். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு, புதிய அல்கலைன் பென்ரோச் மூன்றைப் போட்டு, ரெக்கோர்டிங்கைப் போட்டுவிட்டு விடுங்கள். அல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் பற்றரி இந்த இழுவைக்குத் தாக்குப்பிடிக்காது. ஸ்கானர் விழாமல் நின்றால் குற்றவாளி வயரும் கொன்ரோலரும். அப்போதும் விழுந்தால் சத்தத்தைப் பூச்சியத்துக்குக் குறைத்து, திரை வெளிச்சத்தையும் நிறுத்திப் பாருங்கள். விழுவது குறைந்தால் இன்னும் கரண்ட்தான், பற்றரி தொடுகிற தகடுகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து ரப்பரால் தேய்த்துவிடுங்கள். ஒரு மாற்றமும் இல்லை என்றால் கார்ட்.

கரண்ட்தான் என்றால், நிரந்தரமாக ஸ்கானருக்குள் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் பற்றரி மூன்று போடுங்கள், மெனுவில் பற்றரி வகையையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஒன்று 1.2 வோல்ட், மூன்றும் 3.6 தான், அல்கலைனின் 4.5 ஐ விடக் குறைவு என்று யோசிக்க வேண்டாம், திடீர் இழுவையில் நிக்கல் அசையாமல் நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: அல்கலைனோ கார்பனோ உள்ளே இருக்கும்போது யூஎஸ்பியைச் செருகக் கூடாது. ஸ்கானர் அவற்றைச் சார்ஜ் பண்ணப் போனால் ஒழுகும், சிலவேளை வெடிக்கும். யூஎஸ்பிதான் வசதி என்றால் பகலில் சோலாரில் ஒரு பவர்பாங்கை ஏற்றி, அரை மீற்றருக்கு உள்ளான தடித்த வயரால் கொடுங்கள்.

கார்ட் விஷயத்துக்கு வருவோம். கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. 64 ஜிபி கார்ட் எக்ஸ்ஃபற் முறையில்தான் வரும், நிறைய ஸ்கானர்கள் 32 ஜிபி வரை, அதுவும் ஃபற்32 முறையில்தான் ஏற்கும். அதோடு விலை குறைந்த 64 ஜிபி என்றால் போலியோ என்றும் பார்க்க வேண்டும். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து மேலே 64 என்று அச்சடித்து விற்கிறார்கள், உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும் அல்லது எழுதாமல் திணறும். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். கார்டைத் துடைக்க முதல் அதில் உள்ள எல்லாவற்றையும் கணினியில் பிரதி எடுத்து வையுங்கள், ஸ்கானரின் அலைவரிசைப் பட்டியலும் அமைப்புகளும் அங்கேதான் இருக்கக்கூடும். பிறகு நல்ல 8 அல்லது 32 ஜிபி கார்ட் ஒன்றை ஃபற்32 ஆக்கி, பழைய ரெக்கோர்டிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திரும்பப் போடுங்கள். ஏன் பழையதை விடச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு பேச்சும் ஒரு தனிக் கோப்பு, ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் புதுக் கோப்புக்கு இடம் தேடவே நேரம் எடுக்கும், நேரம் எடுத்தால் கருவி உறைந்துபோய்விட்டது என்று எண்ணி உள்ளே உள்ள காவல் கடிகாரம் அதைத் திரும்பத் தொடக்கிவிடும்.

இன்னொன்று. 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான விமானப் பேச்சு வன்னியில் நன்றாகவே கேட்கும், 35,000 அடியில் போகிற விமானத்தின் குரல் 400 கிலோமீற்றர் அளவுக்கு வரும், ஆனால் கீழே இருந்து பதில் சொல்பவரின் குரல் பெரும்பாலும் கேட்காது, அதை ஸ்கானரின் குறை என்று நினைக்காதீர்கள். பொலிஸ், படை அலைவரிசைகள் பக்கம் போகவே வேண்டாம். கருவியை வைத்திருக்க என்ன அனுமதி வேண்டும் என்பதையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பகுதியில் அன்ரெனாவைக் கண்டாலே கேள்வி வரும்.

கேள்வி: ரெக்கோர்ட் ஆகும்போது அணைந்துபோன கோப்பு 0 செக்கன் என்று காட்டுகிறது. மீட்கலாமா?
வாசகர், வவுனியா

பதில்: கோப்பின் அளவு பூச்சியம் இல்லையென்றால் பெரும்பாலும் மீட்கலாம். வேவ் கோப்பின் தலைப்பகுதியில், பொதுவாக முதல் 44 பைட்டில், ஒலியின் நீளம் எழுதப்படும், பல கருவிகள் அதைக் கோப்பை மூடும்போதுதான் நிரப்பும். இடையில் கரண்ட் போனால் ஒலி இருக்கும், நீளம் மட்டும் பூச்சியமாக நிற்கும். ஓடாசிற்றி என்ற இலவச ஒலி மென்பொருளில் ‘ரோ டேட்டா’ என்று இறக்குமதி செய்யுங்கள், குரல் வேகமாகவோ இழுத்தோ கேட்டால் மாதிரி வீதத்தை (சாம்பிள் ரேற்) மாற்றிப் பாருங்கள். அளவே 0 பைட் என்றால் அந்தக் கார்டில் மேலே எதையும் எழுதாமல் ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்கும் மென்பொருளில் தேடலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கேள்வி: பகலில் மட்டும் ஸ்கானரில் ஒரே இரைச்சல். மழை இருட்டினால் நின்றுவிடுகிறது. அன்ரெனாவா பழுது?
வாசகர், மல்லாவி

பதில்: அன்ரெனா வெயில் பார்த்துப் பழுதாகாது. சோலார் கொன்ரோலர்தான். பனலில் இருந்து கரண்ட் வரும்போது அது வேகமாகத் திறந்து மூடி வேலை செய்கிறது, அந்த இரைச்சலைப் பனல் வயர்களே பரப்பிவிடுகின்றன, விமான அலைவரிசை, அலையின் பலம் ஏறி இறங்குவதையே ஒலியாக்குகிற ஏஎம் முறை என்பதால் கூடவே பிடிக்கும். பனலைச் சாக்கால் மூடிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் அதுதான். அன்ரெனாவை அந்த வயர்களில் இருந்து எட்டக் கொண்டுபோங்கள், கொன்ரோலர் வயர்களில் இரைச்சலை அடக்க, கவ்வுகிற ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். வயரைக் கழற்ற வேண்டி வந்தால் பனல் வயரை முதலில் கழற்றுங்கள், பற்றரி வயர் பிறகு.