எழுபத்தொரு வயதில் 150 ஆண்டுச் சிறை: அந்த எண் யாருக்காகச் சொல்லப்பட்டது?

எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு நூறாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிப்பது வெறும் சடங்கு இல்லையா, நம் நாட்டில் அப்படி ஒரு தண்டனைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். சடங்குதான் என்பதை அப்படிப்பட்ட தண்டனையை விதித்த அமெரிக்க நீதிபதி ஒருவரே ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தச் சடங்கு தேவையாக இருந்தது என்பது என் கருத்து. ஆனால் பதினோரு ஆண்டுகள் கழித்து அதே நீதிபதி அதே கைதியின் விண்ணப்பத்தின் மீது எடுத்த முடிவை என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. நான் வழக்கறிஞன் அல்லன். நிதி நிறுவனம் ஒன்றில் பணத்தைப் பறிகொடுத்த ஒருவரின் மகன். ஆகவே என் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பெயரைக் குறிப்பிடாவிட்டாலும் உங்கள் கேள்வியில் உள்ள எண்கள் பெர்னார்ட் மேடாஃபையே நினைவூட்டுகின்றன. நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராக ஒரு காலத்தில் இருந்த இந்த நியூயார்க் தரகர், புதிதாக வருபவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்து, பல்லாண்டுக்காலம் ஒரு பங்கைக்கூட வாங்காமலேயே வாங்கியதாகக் கணக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். 2008 டிசம்பர் 10 அன்று இரண்டு மகன்களிடமும் உண்மையைச் சொன்னார்; அவர்கள் அதிகாரிகளிடம் தெரிவித்தார்கள்; மறுநாள் காலை கைதானார். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கடைசிக் கணக்குத் தாள்களில் இருந்ததாகக் காட்டப்பட்ட தொகை ஏறத்தாழ 6,480 கோடி டாலர். உண்மையில் மக்கள் போட்டுத் தொலைத்த முதல் சுமார் 1,750 கோடி டாலர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. 2009 மார்ச் 12 அன்று பதினொரு குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். ஜூன் 29 அன்று நீதிபதி டெனி சின் 150 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பளித்தார்.

அந்த 150 எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியின் பாதி தெளிவாகிவிடும். மேடாஃபின் வழக்கறிஞர் ஐரா சோர்கின் கேட்டது பன்னிரண்டு ஆண்டுகள். எழுபத்தொரு வயதுக்காரர் இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் உயிர்வாழக்கூடும் என்ற ஆயுள் கணக்கிலிருந்து அந்த எண்ணை எடுத்திருந்தார். கடைசியில் ஓராண்டாவது வெளியில் இருந்து சாகட்டும் என்பதுதான் அதன் பொருள். தண்டனை குறித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலகம் ஐம்பது ஆண்டுகள் என்று பரிந்துரைத்தது. வழிகாட்டு விதிகளின்படி பார்த்தால் ஆயுள் தண்டனை வரவேண்டும். ஆனால் அவர் ஒப்புக்கொண்ட குற்றங்களில் எதற்கும் தனியே ஆயுள் தண்டனை கிடையாது. ஆகவே ஒவ்வொரு குற்றத்துக்கும் உள்ள உச்சத் தண்டனையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கூட்டுத்தொகை 150. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1987 நவம்பருக்குப் பிறகு செய்த குற்றங்களுக்குப் பரோல் இல்லை. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள்கள் கழிவு மட்டுமே உண்டு. அந்தக் கழிவையும் கணக்கில் கொண்டு, சிறைத் துறையின் பதிவேட்டில் அவருடைய விடுதலை நாள் 2139 நவம்பர் 14 என்று எழுதப்பட்டது. அன்றைக்கு அவருக்கு வயது 201 ஆகியிருக்கும்! அரசு அலுவலகப் படிவங்களில் ஒரு கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி போலிருக்கிறது.

இருபது அல்லது இருபத்தைந்து ஆண்டுகள் விதிக்கலாமா என்றும் யோசித்ததாக நீதிபதி சின் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த வயதில் இருபதுக்கும் நூற்றைம்பதுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். எஞ்சிய ஆண்டுகள் அடையாளத்துக்காக மட்டுமே என்பதைத் தீர்ப்பிலும் அவர் மறைக்கவில்லை. அடையாளம் ஏன் முக்கியம் என்பதற்கு, குற்றத்துக்கேற்ற பதிலடி, மற்றவர்களுக்கு எச்சரிக்கை, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் என மூன்று காரணங்களைச் சொன்னார். எச்சரிக்கை என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஐம்பதாண்டுக்குப் பயப்படாதவர் நூற்றைம்பதுக்குப் பயப்படப்போவதில்லை. ஆனால் மற்ற இரண்டையும் அப்படித் தள்ளிவிட முடியாது.

முதுமையைக் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்பவர்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்று உண்டு. குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போதுதான் அவர் கிழவர். குற்றம் செய்யும்போது அல்லர். மோசடி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொடங்கியதாக மேடாஃபே ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது சொச்சம். அந்த வயதில் பிடிபட்டிருந்தால் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு என்று யோசிக்காமல் விதித்திருப்பார்கள். பிடிபடாமல் ஏமாற்றிய ஒவ்வோர் ஆண்டும் அவருடைய வயதைக் கூட்டியது. அந்தக் கூடிய வயதையே தண்டனைக் குறைப்புக்கான காரணமாக ஏற்றுக்கொண்டால், எவ்வளவு நீண்ட காலம் ஏமாற்றுகிறோமோ அவ்வளவு குறைந்த தண்டனை என்ற விநோதக் கணக்குக்கு நீதிமன்றம் கையெழுத்துப் போட்டதாகிவிடும். ஆயுள் கணக்கிலிருந்து தண்டனையை எடுக்கும் சோர்கினின் வாதம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். ஒரு கடையில் எதையோ திருடிய எண்பது வயதுக்காரருக்கு நான் சொல்லும் இந்தக் காரணம் பொருந்தாது. முதுமையில் செய்த குற்றம் வேறு, முதுமை வரை நீட்டித்த குற்றம் வேறு.

தீர்ப்பில் ஒரு கைம்பெண்ணைப் பற்றி சின் குறிப்பிட்டார். கணவர் இறந்து இரண்டு வாரங்களில் அவர் மேடாஃபைப் பார்க்கப் போயிருக்கிறார். மேடாஃப் அவரை ஆறுதலாக அணைத்துக்கொண்டு, பணம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் இருந்த மற்றப் பணத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு வீட்டை விற்க வேண்டியதாயிற்று. பேத்தியின் கல்லூரிப் படிப்புக்கு உதவுவதாகக் கொடுத்த வாக்கும் போயிற்று. மேடாஃபின் நற்குணங்களைச் சொல்லி அவருடைய குடும்பத்தாரிடமிருந்தோ நண்பர்களிடமிருந்தோ நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை என்பதையும் சின் குறிப்பிட்டார். தண்டனையைப் படித்ததும் நீதிமன்ற அறையில் கைதட்டல் எழுந்தது. நாகரிகமான செயல் அன்று. ஆனால் கைதட்டியவர்களில் பலரும் முதியவர்கள், சேமிப்பை இழந்தவர்கள். 150 என்ற எண் அவர்கள் காதில் விழுவதற்காகச் சொல்லப்பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

என் தந்தை கோவையில் ஒரு பஞ்சாலையில் முப்பத்தோராண்டுகள் வேலை பார்த்து 1994இல் ஓய்வு பெற்றவர். கிடைத்த பணிக்கொடையில் பெரும்பகுதியை நூற்றுக்கு இருபத்து நான்கு வட்டி தருவதாக விளம்பரம் செய்த ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். மூன்று ஆண்டுகள் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அதன் உரிமையாளருக்கு அப்போதே அறுபத்தைந்து வயதுக்கு மேல். கைதாகிப் பிணையில் வந்தார். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக ஓடியது. பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நீதிமன்றப் படியேறி வருவதைப் பார்க்கும்போது அப்பாவுக்கே பாவமாக இருக்குமாம். 2007இல் அந்த உரிமையாளர் காலமானார். இறந்தவர் மீது குற்றவியல் வழக்கு நடத்த முடியாது என்பதால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அத்துடன் முடிந்தது. அவர் செய்தது குற்றம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லி என் தந்தை கேட்கவில்லை.

எனவே, 2009 தீர்ப்பில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. தடுமாற்றம் 2020இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து பதினெட்டு மாதங்களுக்கும் குறைவாகவே உயிர்வாழக்கூடிய நிலையில் இருப்பதாகச் சொல்லி, மேடாஃப் கருணை விடுதலை கேட்டு விண்ணப்பித்தார். சிறைத் துறை மறுத்தாலும் கைதியே நீதிமன்றத்தை நாடலாம் என்று 2018இல் வந்த ஒரு சட்டம் வழிசெய்திருந்தது. விண்ணப்பம் மீண்டும் சின்னிடமே வந்தது. பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. மிகப் பெரும்பாலானவை விடுதலையை எதிர்த்தன. அவர் எஞ்சிய வாழ்நாளைச் சிறையிலேயே கழிக்க வேண்டும் என்பதுதான் 2009இல் தமது முழு நோக்கமாக இருந்தது என்றும், மேடாஃப் உண்மையாக வருந்தியதாகத் தாம் கருதவில்லை என்றும் எழுதி, ஜூன் மாதத்தில் சின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார். 2021 ஏப்ரல் 14 அன்று, வட கரோலினாவின் பட்னர் சிறை மருத்துவமனையில், எண்பத்திரண்டு வயதில் மேடாஃப் இறந்தார்.

இதே அமெரிக்காவில் இதே வகைக் குற்றத்துக்கு வேறு முடிவுகளும் வந்திருக்கின்றன. அடெல்ஃபியா என்ற கேபிள் நிறுவனத்தை நடத்திய ஜான் ரீகஸுக்கு 2005இல், எண்பது வயதில், பதினைந்து ஆண்டுகள் விதித்தார்கள்; பிறகு பன்னிரண்டாகக் குறைத்தார்கள். புற்றுநோயில் இன்னும் ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்று 2016 பிப்ரவரியில் விடுவித்தார்கள். அவர் 2021 செப்டம்பர் வரை, தொண்ணூற்றாறு வயது வரை உயிரோடு இருந்தார். மருத்துவர்களின் நாள் குறிப்பு சோதிடர்களுடையதைவிடப் பெரிதும் மேலானதாக இல்லை என்று இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்: ஐந்தரை ஆண்டுகள் அவர் வெளியில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. 1,100 கோடி டாலர் கணக்கு மோசடியில் இருபத்தைந்து ஆண்டுகள் பெற்ற வேர்ல்ட்காம் நிறுவனத்தின் பெர்னார்ட் எபர்ஸ் 2019 டிசம்பரில் விடுவிக்கப்பட்டு, ஒன்றரை மாதத்தில் இறந்துபோனார்.

சின் எழுதிய மறுப்பில் எனக்கு உறுத்துவது, 2009இன் கேள்விக்குச் சொன்ன பதிலையே 2020இன் கேள்விக்கும் அவர் எடுத்துவைத்தார் என்பதுதான். முதல் கேள்வி, இந்தக் குற்றத்தின் எடை எவ்வளவு என்பது. இரண்டாவது, சக்கர நாற்காலியிலிருந்து எழ முடியாத இந்த உடம்பை இன்னும் பூட்டிவைப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது. முதலாவதற்கு வயதைப் பார்க்கக் கூடாது. இரண்டாவதற்கு வயதையும் நோயையும் தவிர வேறு எதையும் பெரிதாகப் பார்க்கத் தேவையில்லை. கடிதம் எழுதிய ஐந்நூறு பேரின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் தந்தைக்கு அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் அவர் எந்தப் பக்கம் எழுதியிருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது சிறையின் நீளத்தால் அன்று. நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் இர்விங் பிக்கார்ட், லாபம் எடுத்தவர்கள் மீது உரிமையியல் வழக்குத் தொடுத்து 1,400 கோடி டாலருக்கு மேல் மீட்டார். ஜெஃப்ரி பிக்கவர் என்ற ஒரே முதலீட்டாளரின் சொத்திலிருந்து மட்டும், அரசுக்குப் போன பங்கையும் சேர்த்து, 720 கோடி டாலர் வந்தது.

இந்தியாவில் முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆண்டுகளை இப்படி அடுக்குவது நம்மிடம் அரிது. பல குற்றங்களுக்குத் தனித்தனியே தண்டனை விதித்தாலும் ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் உத்தரவிட்டுவிடுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பல ஆயுள் தண்டனைகள் விதிக்கலாம், ஆனால் அவற்றை ஒன்றன் பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, ஏனெனில் மனிதனுக்கு ஓர் ஆயுள்தான் என்று தெளிவாக்கியது. என் தந்தையின் பணம் போன காலத்தில், 1997இல், தமிழ்நாடு அரசு கொண்டுவந்த முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சத் தண்டனை பத்தாண்டு. ஆயுள் தண்டனை என்பது சாகும்வரை என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், முன்விடுதலைக்கான கதவை அரசு தன் கையில் வைத்திருக்கிறது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018இல் தமிழ்நாட்டில் வந்த அரசாணையில், பத்தாண்டு கழித்த ஆயுள் கைதிகளைப் பரிசீலிக்கலாம் என்றும், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டு போதும் என்றும் இருந்தது. சில வகைக் குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. சடங்குக்காகப் பெரிய எண் சொல்வது நம்மிடம் அரிது என்பதற்காக நாம் இரக்கமுள்ளவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பல வழக்குகளில் எண் சொல்லும் கட்டத்துக்கே நாம் போய்ச் சேர்வதில்லை.

மேடாஃப் தீர்ப்பு வந்த அன்று அந்தச் செய்தியை நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நூற்றைம்பது ஆண்டு என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “எப்பப் புடிச்சாங்களாம்?” என்று கேட்டார். டிசம்பரில் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏழு மாசங்கூட ஆகலையே” என்றார்.