சம்பளம் 68,000, செலவு 91,400 என்கிறதே ஆப்!

வீட்டுக் கணக்கைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நோட்டுப் புத்தகம் குறைவு, ஃபோன் ஆப்தான் அதிகம். சிலவற்றுக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சார், எஸ்.எம்.எஸ்.களைப் படித்துத் தானாகவே செலவுக் கணக்கு போடும் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். போன மாதச் செலவு 91,400 என்று காட்டுகிறது. புதிதாகக் கடன் எதுவும் வாங்கவில்லை. ஆப் பொய் சொல்கிறதா, இல்லை எனக்குத் தெரியாமல் என் மனைவி ஏதாவது வாங்குகிறாளா?" – வாசகர், கோவை

முதலில் மனைவியை விட்டுவிடுங்கள், பாவம். ஆப்பும் பொய் சொல்லவில்லை. அதற்குச் செலவு என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். 'டெபிட்' என்று வருகிற எஸ்.எம்.எஸ். எல்லாமே அதன் கண்ணுக்குச் செலவுதான்.

நீங்கள் கூடவே அனுப்பிய பட்டியலைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். 3-ஆம் தேதி கிரெடிட் கார்டு பில் 14,200 கட்டியிருக்கிறீர்கள். ஆனால் பெட்ரோல், மளிகை, பையனுக்கு ஷூ என்று கார்டைத் தேய்த்த அன்றைக்கே அவை ஒவ்வொன்றும் செலவில் ஏறிவிட்டன, பில் கட்டிய அன்று அதே பணம் இன்னொரு தடவை ஏறுகிறது. அடுத்தது 5-ஆம் தேதி ஆர்.டி. 5,000. அது உங்கள் பணம், உங்கள் பெயரில்தான் இருக்கிறது, வங்கியில் வேறு பெட்டிக்குப் போயிருக்கிறது. அப்புறம் அதே நாளில் பைக் இ.எம்.ஐ. பிடிக்கிற இன்னொரு வங்கிக் கணக்குக்கு 9,500 மாற்றியிருக்கிறீர்கள். 7-ஆம் தேதி அங்கிருந்து இ.எம்.ஐ. போனதற்கு இன்னொரு எஸ்.எம்.எஸ். வந்து, அதையும் ஆப் தனியாக எழுதிக்கொண்டது.

இந்த மூன்றையும் கழித்தால் 28,700 போகிறது. உங்கள் உண்மையான செலவு 62,700. சம்பளத்தில் மிச்சம் 5,300, அதில் ஆர்.டி.க்குப் போனது 5,000. (கட்டியது போன மாதத்து கார்டு பில், தேய்ப்பது இந்த மாதம் என்பதால் வங்கி இருப்பு இதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.) ஆக, கடன்காரர் ஆகப்போகிறோமோ என்று பயந்தவர் உண்மையில் மாதம் 5,300 மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பெரும்பாலான ஆப்களில் செலவு, வரவு தவிர 'டிரான்ஸ்ஃபர்' என்று மூன்றாவதாக ஒன்று இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. பணம் வீட்டை விட்டே போனால் செலவு. பீரோவிலிருந்து வீட்டுச் சாமி உண்டியலுக்கு மாறினால் டிரான்ஸ்ஃபர். ஏ.டி.எம்.மில் 4,000 எடுத்தால் அதுவும் டிரான்ஸ்ஃபர்தான், வங்கியிலிருந்து உங்கள் பர்ஸுக்கு. பர்ஸிலிருந்து கீரைக்காரம்மாவுக்கு 20 ரூபாய் கொடுக்கும்போதுதான் செலவு. இந்த டிரான்ஸ்ஃபர் வசதி இல்லாத ஆப் என்றால் இன்றைக்கே அழித்துவிடுங்கள், அது கணக்கு ஆப்பே இல்லை.

இன்னொரு பழக்கமும் வேண்டும். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பர்ஸைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டி எண்ணுங்கள், வங்கி இருப்பைப் பாருங்கள், ஆப் காட்டுகிற மீதியோடு ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டில் போன வாரம் 340 ரூபாய் இடித்தது. கால் மணி நேரம் யோசித்த பிறகு, "அயர்ன்காரருக்கு நான்தானே கொடுத்தேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மீதி இடிக்காத கணக்கில் மட்டும்தான் அழகழகான வண்ணப் படங்களுக்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

"ஒரே ஒரு நல்ல மென்பொருள் பெயர் சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்." – வாசகி, வேலூர்

கம்ப்யூட்டர் இருந்தால் க்னூகேஷ். 1998-லிருந்து வருகிறது, காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், நான் 'பால்', 'மளிகை', 'அம்மா மருந்து' என்றுதான் வைத்திருக்கிறேன். கடைகளில் எழுதுகிற இரட்டைப் பதிவு முறைதான் இதிலும், எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் எழுதியாக வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் மணி மேனேஜர் இ.எக்ஸ்., அதுவும் இலவசம், கொஞ்சம் சுலபம்.

இரட்டைப் பதிவு எதற்கு வீட்டுக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வீட்டுக் கடன் உதாரணம். 20 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 17,356 வரும். முதல் மாதம் அதில் 14,167 வட்டி, கடனில் குறைவது வெறும் 3,189. நோட்டில் 'வீட்டு லோன் 17,356' என்று ஒரே வரியாக எழுதினால் இது கண்ணில் படாது. இரண்டாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொரு மாதமும் கண்ணை உறுத்தும். உறுத்தட்டும், போனஸ் வரும்போது எங்கே கட்டுவது என்று அப்போதுதான் புத்தி வரும்.

"அண்ணா, எங்கள் வீட்டில் ஏலச்சீட்டு இரண்டு, நகைச்சீட்டு ஒன்று, மாதத்துக்கு இரண்டு மூன்று மொய். இதையெல்லாம் எந்த ஆப்பிலும் போட இடமே இல்லை. செலவில் எழுதவா, சேமிப்பில் எழுதவா?" – வாசகி, திருநெல்வேலி

நல்ல கேள்வி தங்கச்சி. இந்த ஆப்களைச் செய்தவர்கள் யாரும் சீட்டு போட்டதில்லை போல.

ஏலச்சீட்டுக்கு ஒரு தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள், வங்கிக் கணக்கு திறப்பது மாதிரியே. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், தலைக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 25,000 தள்ளி, அதாவது அவ்வளவு விட்டுக்கொடுத்து 75,000-க்கு எடுக்கிறார். அந்த 25,000-ல் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மிச்சம் 20,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 4,000. (பதிவு பெற்ற சீட்டில் கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019-ல் சட்டத்தைத் திருத்தி 7 ஆக்கினார்கள். உங்கள் சீட்டில் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள்.) எழுதும்போது 5,000 என்று எழுதாதீர்கள். கையிலிருந்து போன 4,000-ஐ மட்டும் சீட்டுக் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் போடுங்கள்.

இனிமேல்தான் விஷயம். ஐந்தாவது மாதம் நீங்களே 25,000 தள்ளிச் சீட்டை எடுத்துவிட்டீர்கள். அதுவரை கட்டியது ஐந்து தடவை 4,000, மொத்தம் 20,000. கைக்கு வந்தது 75,000. சீட்டுக் கணக்கில் இப்போது மைனஸ் 55,000 என்று சிவப்பில் காட்டும். பயப்படாதீர்கள், அது சரிதான். சீட்டு எடுத்த நிமிடத்திலிருந்து அது கடன். மீதி 15 மாதத்தில் 69,000 கட்டி முடித்தீர்கள் என்றால் கூடுதலாகப் போன 14,000 வட்டி. எடுக்காமல் கடைசி வரை காத்திருந்தவர் அதே 89,000 கட்டி, கமிஷன் போக 95,000 வாங்குவார், அவருக்கு 6,000 லாபம். "சீட்டு எடுத்துதான் ஃபிரிட்ஜ் வாங்கினேன், கடனே வாங்கவில்லை" என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை இப்படி எழுதிப் பார்க்கலாம்.

நகைச்சீட்டும் தனிக் கணக்குதான், நகையாக வாங்கிய அன்று முடித்துவிடுங்கள். ஆனால் அதை வங்கி டெபாசிட் மாதிரி நினைக்க வேண்டாம், கடைக்குக் கொடுத்த முன்பணம்தான் அது. அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்கான முன்பணம் 365 நாளுக்குள் கணக்குத் தீராவிட்டால் கம்பெனிச் சட்ட விதிப்படி அது டெபாசிட் ஆகிவிடும்.

மொய்? கொடுக்கிற மொய்யைச் செலவிலேயே எழுதுங்கள், திரும்பி வரும்போது வரும். வாங்குகிற மொய்யை வரவு என்று எழுதிச் சந்தோஷப்படாதீர்கள், அது கைமாத்துக் கடன், ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். யார் யாருக்கு எவ்வளவு என்பதற்கு உங்கள் வீட்டு மொய் நோட்டே போதும். அதைவிட நல்ல மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

"ஒரு ஆப் என் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு கேட்கிறது. இன்னொன்று எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கிறது. எதற்குக் கொடுக்கலாம்?" – வாசகர், சென்னை

பாஸ்வேர்டு கேட்டதை உடனே அழியுங்கள். பேச்சே இல்லை.

எஸ்.எம்.எஸ். அனுமதி கொடுத்தால் வங்கிச் செய்தியை மட்டும் அது படிக்கும் என்று நினைக்கிறோம். ஓ.டி.பி. வருவதும் அதே பெட்டியில்தான், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் வருவதும் அங்கேதான். இலவச ஆப்புக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாதக் கடைசியில் இருப்பு குறையும்போது "உங்களுக்கு 50,000 கடன் தயார்" என்று வந்து நிற்கிறதே, அது ஜோசியம் இல்லை.

கணக்கு விவரம் தானாக வர வேண்டும் என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது, அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்று பெயர். ரிசர்வ் வங்கி 2016-ல் விதிகள் போட்டது, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கணக்கின் விவரம், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று நீங்கள் சம்மதம் கொடுத்தால்தான் விவரம் போகும், பிறகு ரத்தும் செய்யலாம். நடுவில் இருக்கிற அக்ரிகேட்டருக்கு அதைத் திறந்து பார்க்க அனுமதி இல்லை. ஆனால் வாங்கிக்கொள்கிற ஆப் பார்க்கும், அதற்குத்தானே கேட்கிறது. சம்மதப் பக்கத்தில் 'எத்தனை நாளைக்கு' என்கிற வரியை மட்டுமாவது படித்துவிட்டு அமுக்குங்கள். என்னைக் கேட்டால், மாதம் ஒரு தடவை ஸ்டேட்மென்ட்டை நீங்களே இறக்கி உள்ளே ஏற்றுவது போதும்.

"நாங்கள் இருவரும் ஒரே ஆப்பில்தான் எழுதுகிறோம். 'இதர' என்ற தலைப்பில் மாதம் 6,000 வருகிறது. அதை வைத்துத் தினமும் சண்டை." – வாசகி, சேலம்

ஆளுக்கு 1,500 என்று தனியாக எடுத்து வையுங்கள், அது எங்கே போனது என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது, ஆப்பிலும் எழுத வேண்டாம். மீதி 3,000-ஐ மட்டும் பெயர் வைத்து எழுதுங்கள். சண்டை பாதியாகும். முழுசாகப் போகும் என்று நான் சொல்லவில்லை.

"ஃபோன் மாற்றியதில் மூன்று வருடக் கணக்கு போய்விட்டது சார். மீட்க முடியுமா?" – வாசகர், திருச்சி

பழைய ஃபோன் கையில் இருந்தால் முதலில் அதைத் திறந்து 'எக்ஸ்போர்ட்' இருக்கிறதா பாருங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால் கஷ்டம். வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து பெரிய தொகைகளைத் திரும்ப எழுதலாம், ரொக்கச் செலவு போனது போனதுதான். எனக்கும் நடந்திருக்கிறது, மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தபோது சட்டைப் பையிலிருந்து ஃபோன் உள்ளே. இரண்டு வருடக் கணக்கு, ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

ஃபோன் பத்திரமாக இருந்தாலும் கடை மூடிவிடும். மைக்ரோசாஃப்ட் மணி என்று ஒன்று இருந்தது, 2009-ல் விற்பதை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2007-ல் வந்த மின்ட், நம் ஆட்களும் அங்கே அதைத்தான் வைத்திருந்தார்கள், 2009-ல் இன்ட்யூட் வாங்கியது, 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதனால் புது ஆப் போட்டால் முதல் நாளே பத்துச் செலவு எழுதி, சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுத்து, எக்செலில் திறந்து பாருங்கள். தேதி, தொகை, தலைப்பு மூன்றும் ஒழுங்காக வருகிறதா? வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் மாதம் ஒரு தடவை அந்தக் கோப்பை உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

"ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1988-லிருந்து வரவு செலவை நோட்டில் எழுதி வருகிறேன், மொத்தம் 37 நோட்டு. கம்ப்யூட்டருக்கு மாறச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். மாறத்தான் வேண்டுமா?" – வாசகர், கும்பகோணம்

வேண்டாம் ஐயா. மகனை வேறு ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வீட்டு வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு தடவை என்று விட்டுவிட்டு வருகிற செலவுகளை மட்டும் அவர் ஃபோனில் ஏற்றி, தேதிக்குப் பத்து நாள் முன்னால் உங்களுக்கு நினைவூட்டச் சொல்லுங்கள். நோட்டுக்கு அது ஒன்றுதான் வராது. மற்றதெல்லாம் நீங்கள் எழுதுகிறபடியே இருக்கட்டும்.

அப்படியே எனக்கும் ஒரு உதவி செய்ய வேண்டும். முதல் நோட்டில் 1988 தீபாவளி மாதப் பக்கத்தை மகனிடம் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? பட்டாசுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.