கெட்டவனை மட்டும் தின்னும் பேய்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நெட்ஃபிளிக்ஸில் 2022 அக்டோபரில் வந்த 'கியர்மோ டெல் டோரோவின் கேபினட் ஆஃப் கியூரியாசிட்டீஸ்' திகில் தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். 8 அத்தியாயங்கள், 8 தனிக்கதைகள், 8 இயக்குநர்கள்.

முதல் இரண்டு அத்தியாயங்களில் அவ்வளவு பிசாசுகள், அவ்வளவு எலிகள். ஆனால் எனக்குப் பயமே வரவில்லை. கெட்டவன் மாட்டிக்கொண்டபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்றாவதான 'தி ஆடாப்சி' அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகள் இரண்டும் ஏமாற்றம். கடைசிக் கதையான 'தி மர்மரிங்' பார்த்துவிட்டு அழுதேன். பயப்பட உட்கார்ந்தவள் எதற்காக அழுதேன் என்று இன்னும் புரியவில்லை.

ஒரே தொடரில் இவ்வளவு ஏற்ற இறக்கம் ஏன்? இயக்குநர்கள் வேறு வேறு என்பதுதான் காரணமா? என் தோழி இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டு, எல்லாமே குப்பை என்கிறாள். நான் நல்ல தொடர் என்றேன். ஆனால் அதை எப்படி நிறுவுவது என்று தெரியவில்லை. அவளுக்கு இன்னும் ஒரே ஓர் அத்தியாயம் காட்டுவதென்றால் எதைக் காட்டலாம்?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் உங்கள் தோழிக்கான பதில் இருக்கிறது. கெட்டவன் மாட்டிக்கொண்டபோது சந்தோஷமாக இருந்தது என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தப்பு செய்தவனுக்குத்தான் இது நடக்கும் என்று தெரிந்துவிட்டால், நமக்கு நடக்காது என்றும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எவ்வளவு பெரிய பிசாசைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் நாம் பத்திரமாகத்தான் இருக்கிறோம். இந்தத் தொடரின் ஏற்ற இறக்கத்துக்கு நான் காணும் முதல் காரணம் இதுதான். இயக்குநர்கள் வேறு வேறு என்பது அதற்கு அடுத்ததுதான்.

முதல் கதையான 'லாட் 36'-ஐ எடுத்துக்கொள்வோம். வாடகை கட்டாமல் கைவிடப்பட்ட சேமிப்பு அறைகளை ஏலத்தில் எடுத்து, உள்ளே இருப்பதை விற்றுப் பிழைக்கிறான் நிக். கடன்காரன், எல்லார்மேலும் வெறுப்பு கொண்டவன். அப்படி ஓர் அறை, அதை இழந்த ஒரு பெண்ணின் குடும்பப் படங்களோடும் கடிதங்களோடும் அவன் கைக்கு வருகிறது. அவள் வந்து அவற்றை மட்டும் கேட்கிறாள். அவனுக்கு அதனால் ஒரு காசு லாபம் கிடையாது, இருந்தும் கொடுக்க மறுத்துத் துரத்துகிறான். அத்தியாயத்திலேயே என்னை உறையவைத்தது அந்தச் சின்னக் காட்சிதான். ஒரு மனிதன் இன்னொரு மனிதரின் நினைவுகளைக் குப்பையாகப் பார்ப்பது நம்மைச் சுற்றி தினமும் நடப்பது. அதற்குப் பிறகு வரும் பிசாசு, அந்தக் காட்சி கொடுத்த தொந்தரவைத் தீர்த்துவைக்கவே வருகிறது. கணக்கு நேராகிவிட்டது, நாம் நிம்மதியாக எழுந்து போகலாம்.

'கிரேவ்யார்ட் ராட்ஸ்' கதையிலும் அதே கணக்குதான். கல்லறைத் திருடன், அவனுக்கு ஏற்ற முடிவு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணுக்கடியில் குறுகலான வளைகளில் அவன் ஊர்ந்து போகும் காட்சிகளில் மூச்சு முட்டுகிறது. அது உடம்பு படும் பயம். படம் முடிந்ததும் இறங்கிவிடும்.

சரி, 'தி ஆடாப்சி'க்கு வருவோம். மைக்கேல் ஷே 1980-இல் எழுதிய கதை இது. டேவிட் பிரையர் இயக்கியிருக்கிறார். சுரங்க வெடிவிபத்தில் செத்தவர்களைப் பரிசோதிக்க, ஷெரிஃப் தன் பழைய நண்பரான டாக்டர் விண்டர்ஸை அழைக்கிறார். டாக்டருக்கு வயிற்றில் புற்றுநோய், நாட்கள் எண்ணப்படுகின்றன. ராத்திரி தனியாக, ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசிக்கொண்டே அவர் போஸ்ட்மார்ட்டம் செய்கிறார். டாக்டராக நடிக்கும் எஃப். முர்ரே ஆப்ரகாமின் குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. ஒவ்வொரு உடலையும் மரியாதையோடு தொடுகிறார். அந்த நிதானம்தான் நமக்குள் பயத்தை வளர்க்கிறது. இவ்வளவு நல்ல மனிதருக்கு எதுவும் நேரக்கூடாது என்று நாம் வேண்ட ஆரம்பிக்கும்போது, செத்தவர்களில் ஒருவன் எழுந்து பேசுகிறான்.

அவனுக்குள் இருப்பது வேற்றுலகத்து ஒட்டுண்ணி. அது கோபப்படுவதில்லை, தண்டிக்கவும் வரவில்லை. பசிக்காகச் செய்கிறது, அடுத்து டாக்டரின் உடம்புக்குள் போகப்போகிறது, அவ்வளவுதான். பொறுமையாக எல்லாவற்றையும் விளக்குகிறது. நியாயம் அநியாயம் என்ற பேச்சே அங்கே இல்லை. புற்றுநோயும் அவரிடம் நியாயம் கேட்டு வரவில்லை, கவனித்தீர்களா? இரண்டும் ஒரே மாதிரிதான் அவர் உடம்புக்குள் நுழைகின்றன. வேறெதுவும் கையில் இல்லாத அந்த மனிதர், சாகப்போகும் தன் உடம்பையே ஆயுதமாக்குகிறார். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்த முடிவுதான் என்று நினைக்கிறேன். பார்க்காதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

நீங்கள் குறிப்பிடாத 'தி அவுட்சைட்' பற்றியும் சொல்ல வேண்டும். கூட வேலை செய்யும் பெண்களோடு சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்று ஏங்கும் ஸ்டேசி, அவர்கள் பூசும் லோஷனைப் பூசுகிறாள். தோல் எரிந்து தடிக்கிறது, நிறுத்த மாட்டேன் என்கிறாள். அவளை இருக்கிறபடியே நேசிக்கும் கணவன் பக்கத்திலேயே இருக்கிறான். இங்கே யாருக்கும் தண்டனை இல்லை. அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்கிறது, கொடூரம் அதுதான். ஆனால் கதை ஒரு மணி நேரத்தைத் தாண்டி இழுக்கிறது. லோஷன் விளம்பரத்து ஆள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். இருபது நிமிடம் வெட்டியிருந்தால் தொடரின் மிகச் சிறந்த கதை இதுவாகக்கூட இருந்திருக்கும்.

நீளம்தான் இரண்டாவது காரணம். ராட் செர்லிங் உருவாக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'தி ட்விலைட் ஸோன்' 1959 முதல் 1964 வரை 5 சீசன்கள், 156 அத்தியாயங்கள் வந்தது. எல்லாம் அரை மணி நேரத்துக்கானவை, 1963-இல் வந்த 4-வது சீசனைத் தவிர. அந்த 18 அத்தியாயங்கள் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு நீட்டப்பட்டன. கடைசி சீசனில் மறுபடி அரை மணிக்கே திரும்பினார்கள். திகில் சிறுகதையில் சாதாரணமாக ஒரே ஒரு திருப்பம்தான் இருக்கும். அதைத் தாங்க அந்த நேரம் போதும். டெல் டோரோ தொடரின் பல அத்தியாயங்களில் நாம் திருப்பத்தை முன்பே ஊகித்துவிட்டுப் பாத்திரங்களுக்காகக் காத்திருக்கிறோம். 'தி வியூயிங்' கதையில் பாதி நேரம் பேச்சிலேயே போகிறது. அதன் இசையும் நிறங்களும் பிடித்தவர்களுக்கு அது பரவாயில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

லவ்கிராஃப்ட் கதைகள் பற்றிய உங்கள் ஏமாற்றம் முழுக்க நியாயமானது. மூலத்தில் 'பிக்மேன்ஸ் மாடல்' ஒருவர் தன் நண்பரிடம் வாயால் சொல்லும் கதை. பிக்மேன் என்ற ஓவியரின் ஓவியங்களில் இருந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன என்பது கடைசியில் ஒரு புகைப்படத்தால் நமக்குத் தெரிகிறது. அந்த உருவம் நம் முன்னால் வந்து நிற்பதே இல்லை. தொடரில் எல்லாம் வந்து நிற்கிறது. கதாநாயகனுக்கு ஒரு குடும்பத்தையும் கொடுத்து அதையும் கிழித்துப் போடுகிறார்கள். செர்லிங்கின் 'நைட் கேலரி' தொடரும் 1971-இல் இதே கதையை எடுத்தது. அங்கேயும் அந்த உருவத்தை நேரில் காட்டாமல் விடவில்லை. திரைக்கு இந்தக் கதைமேல் தீராத ஆசை, ஆனால் அதன் அடக்கம் மட்டும் கைக்கு வருவதில்லை.

'ட்ரீம்ஸ் இன் த விட்ச் ஹவுஸ்' விஷயம் இன்னும் வருத்தமானது. மூலத்தில் கில்மேன் கணிதம் படிக்கும் மாணவன். அவன் தங்கும் அறையின் சாய்ந்த சுவர்களும் விபரீதமான கோணங்களும்தான் பயத்துக்குக் காரணம். தொடரில் அவனுக்குச் செத்துப்போன இரட்டைச் சகோதரி ஒருத்தியைச் சேர்த்தார்கள். துக்கத்தைச் சேர்த்தால் கதை தானாக ஆழமாகிவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். பிறகு சூனியக்காரி, மனித முகத்து எலி, ஆவிகளின் காடு, அங்கே போக ஒரு மருந்து என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். தங்கையை நினைத்து அவன் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு நிமிடம்கூட யாரும் விடவில்லை.

'தி மர்மரிங்' அந்த நிமிடங்களை விட்டுவைக்கிறது. ஜெனிஃபர் கென்ட் இயக்கியது. 1951-இல், பறவைகளை ஆராயும் நான்சியும் எட்கரும் தனித்த ஒரு தீவுக்குப் போகிறார்கள். டன்லின் என்ற சின்னக் கரையோரப் பறவைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரே உடம்பு போல வானத்தில் வளைந்து பறப்பதைப் படம் எடுக்கிறார்கள், குரலைப் பதிவு செய்கிறார்கள். அவர்களுடைய குழந்தை இறந்திருக்கிறது. நான்சி அதைப் பற்றிப் பேச மறுக்கிறாள். எட்கர் அருகில் வரும்போதெல்லாம் வேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். பறவைக் குரல்களைக் கேட்கப் போட்ட கருவியில் ஒரு குழந்தையின் குரல் கேட்கிறது. மனிதர்களிடம் பேசாத துக்கம் அவளைப் பேய்களிடம் கூட்டிக்கொண்டு போகிறது. அவள் ஓடவில்லை. தேடிப் போகிறாள். அந்த வீட்டில் இருக்கும் குழந்தைக்கு வேண்டியது ஆறுதல். அதை அவளால் கொடுக்க முடிந்த பிறகுதான், கணவனிடம் தன் மகளைப் பற்றிப் பேச அவளால் முடிகிறது.

நீங்கள் அழுததில் குழப்பம் எதுவும் இல்லை, ர. செத்தவர்கள் திரும்பி வந்துவிடுவார்களோ என்பது ஒரு பயம். அவர்கள் இனி வரவே மாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். அந்த இரண்டாவது பயத்தைத் தொடுகிற பேய்க்கதைகள் மிகக் குறைவு. இந்தத் தொடரை நான் உங்கள் பக்கம் நின்று நல்ல தொடர் என்று சொல்வதற்கு இந்த ஒரு அத்தியாயமும் 'தி ஆடாப்சி'யும் போதும். மீதி ஆறில் 'தி அவுட்சைட்' பாதி தேறும். எட்டில் இரண்டரை என்பது தொகுப்புத் தொடர்களில் மோசமான விகிதமே கிடையாது.

உங்கள் தோழிக்கு 'தி மர்மரிங்' காட்டுங்கள். 'தி ஆடாப்சி' இன்னும் கச்சிதமானது, ஆனால் உடல்களை அறுக்கும் காட்சிகள் நெருக்கமாகவும் நீளமாகவும் வரும், திகில் பழகாதவர்கள் பாதியில் எழுந்துவிடலாம். ஒன்றை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் குழந்தையை இழந்த யாராவது அவர் வீட்டில் இருந்தால் இப்போது வேண்டாம். அப்படியென்றால் 'தி அவுட்சைட்' போடுங்கள், நடுவில் கொஞ்சம் இழுக்கும் என்று சொல்லிவிட்டு.

அன்புடன்.